பச்சைப் புடவைப் படலம்

மலைகளுள் மாண்புடைத்து ஜவ்வாது மலை. அம்மலைவாழ் மாந்தருள் இருளகற்றும் செஞ்சுடர், காணாதார்க்குக் காட்சி வழங்கும் வள்ளல், நாவையே வாளாய் ஏந்திய வீரன் கோபால்சாமி வாழ்க! ஏழு கடலும் அவன் புகழ் பாடுக! கடல்கள் தொலைவில் இருப்பதால் எதிர்வீட்டு நதியாவாவது பாடுவாள் என்று எதிர்பார்த்திருந்தான். அவளும் பாடவில்லை.

இம்மாவீரனின் மனையரசி குப்பம்மாவுக்குப் பார்வை இல்லை. சாமை புடைப்பதிலிருந்து அடுப்பு மூட்டுவது வரை எதற்கும் யார் கையையும் எதிர்பாராத அவள், மாலை நேரத்துத் தொடருக்கு மட்டும் கணவன் வாயை நம்பியிருந்தாள். தொடர் எடுப்போரின் வழக்கம் அப்படி. தலைபோகிற காரியம் நடக்கும்போது அதில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. வயலின்கள் மட்டும் வயிற்றிலடித்துக்கொண்டு அலறும். அந்த அலறலுக்கு உரை சொல்லும் பெரும்பணியைத் தானே தலைமேல் ஏற்றிருந்த கோபால்சாமி, மதகரிபோல் பிளிறி, மலையருவிபோல் பொழிந்து, ஆண்டாண்டுகளாய் ஆற்றிவந்த உரை பெரும்பாலும் இவ்வளவே:

"வர்றாடி... வந்துட்டா... ஐயய்யோ, போச்சு!"

"இன்னா மாமா போச்சு?"

"இரு, பாக்க வுடு!"

இந்நிலையில்தான், தொடரின் நாயகி காஞ்சனா வீட்டுக் கதவை வெள்ளிக்கிழமையன்று யாரோ தட்டினார்கள். தொலைந்துபோன மகளா? சொத்தைப் பறிக்க வந்த நாத்தனாரா? கதவு திறப்பதற்குள் பாழும் தொடர் முடிந்துபோயிற்று. தொடர் வராத சனி, ஞாயிறு இரண்டு நாளும் குப்பம்மாவுக்குக் கஞ்சி இறங்கவில்லை.

அந்நேரம் பார்த்துப் பகை புகுந்தது. கேபிள்காரர் சந்திரன் தொலைக்காட்சியோடு புதுக் கேபிள் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டு, "யக்கா, பார்வ இல்லாதவங்களுக்குன்னே இதுல ஒரு கொரலு கீது. படத்துல நடக்கறத அதுவே சொல்லும்" என்று ரிமோட்டை அமுக்கினார். கண்ணில்லாதார்க்கென்றே கற்றறிந்தோர் கருணையோடு சமைத்த அவ்வரத்தை, ஓசையே எழுப்பாத திரைப்பட்டியலின் அடியாழத்தில், எறும்பளவு எழுத்தில், கண்ணுள்ளவர் மட்டுமே கண்டெடுக்கும்படி ஒளித்துவைத்திருந்தார்கள். என்னே அவர்தம் மதிநுட்பம்! சந்திரனே மூக்கு திரையில் இடிக்கத் தேடித்தான் பிடித்தார்.

கோபால்சாமி கொதித்தெழுந்தான். "நான் உசுரோட இருக்க சொல்ல, என் வூட்ல இன்னொருத்தர் வந்து கதை சொல்றதா? அதையும் பாத்துடலாம்!" என்ற அவன் சூளுரை கேட்டுக் கூரைமேலிருந்த காகம் ஒன்று பறந்தது, அது எப்படியும் பறக்கவிருந்த காகம்.

திங்கட்கிழமை மாலை களம் அமைந்தது. நதியாவும் அவள் கணவன் பூபாலனும் வழக்கம்போல் வந்து அமர்ந்தார்கள். வயலின்கள் அலறின. அந்த இடைவெளியில், நிதானமான பெண்குரல் ஒன்று பெட்டியிலிருந்து எழுந்தது: "சிவப்புப் பட்டுப் புடவையில் காஞ்சனா கதவை நோக்கி நடக்கிறாள்."

"பொய்யி!" என்று இடியென முழங்கினான் வீரன். "பச்சப் பொடவ! கண்ணால பாக்கறவன் நானு. அவ எந்த ஊர்லயோ குந்திகினு உடான்ஸ் வுட்றா!"

"ஆமா பெரிம்மா, பச்சதான்" என்றாள் நதியா.

"எப்பவும் பச்சதான பெரிம்மா" என்றான் பூபாலன்.

குப்பம்மா பெருமூச்சு விட்டாள். "அதான் மாமா எனக்கும் வெளங்கல. அவ்ளோ பெரிய பங்களா, மருமவளுக்கு மாத்திக்க வேற பொடவ வாங்கிக் குடுக்கலியேன்னு எத்தினி நாளு அழுதிருப்பேன்! இவ இன்னாடான்னா செவப்புன்றா."

"நாத்தனாரும் பச்சதான் பெரிம்மா. மாப்ள சட்டையும் பச்ச. அன்னிக்கு முதலிரவுல குடுத்த பாலு கூட..." என்று அடுக்கினான் பூபாலன்.

"பாலு பச்சையாடா?" என்றாள் குப்பம்மா.

மூவரும் திரையை உற்றுப் பார்த்தார்கள். போளூரில் பழைய சாமான் கடையில் மலிவாய்க் கிடைத்த அத்தொலைக்காட்சி, வானையும் வையத்தையும் ரத்தத்தையும் பாலையும் பாசியின் நிறத்தில் காட்டிவருவதை, கண்ணுள்ள மூவரும் கேள்வியின்றிக் கண்டுவந்திருந்தனர். அதை ஒப்புவது வீரர்க்கு அழகா? கோபால்சாமி பாய்ந்தான், பெட்டியின் மண்டையில் தட்டினான், பூபாலன் பின்னால் வயரை முறுக்கினான், நதியா திரையைத் தன் முந்தானையால் துடைத்தாள், களிறு மூன்று ஒரு குட்டையைக் கலக்கினாற்போல மூவரும் திரையை முற்றாக மறைத்து நின்று, பச்சையென்றும் பச்சையே என்றும் பச்சையன்றி வேறில்லை என்றும் கூவி, அண்டம் அதிரச் சமர் புரிந்த அவ்வேளையில், கதவு திறந்தது.

பெண்குரல் தணிந்து சொன்னது: "வாசலில் மகள் நிற்கிறாள். கையில் காஞ்சனாவின் பழைய வளையல். தாய் அவளைக் கட்டிக்கொள்கிறாள்."

பெட்டியோரம் காது வைத்திருந்த குப்பம்மா ஒருத்திக்குத்தான் அது கேட்டது. மூச்சை இழுத்துப் பிடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள்.

கூச்சல் அடங்கியபோது திரையில் பச்சை நிறக் குழந்தை ஒன்று பச்சை நிறச் சோப்பில் குளித்துக்கொண்டிருந்தது. நதியா பூபாலனைப் பார்த்தாள். பூபாலன் கோபால்சாமியைப் பார்த்தான். காணாதார்க்குக் காட்சி வழங்கும் வள்ளல், செஞ்சுடர், நாவாள் வீரன், மெல்ல நடந்து அடுப்படிக்குச் சென்றான்.

கதவைத் தட்டினது யாரு என்று பெண்டாட்டியிடம் கேட்டான்.