மேஸ்திரி எடுத்த பூநாரைப் படங்கள்

பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, உப்பள மேஸ்திரி பலராமன் திடீரென்று பறவைப் பிரியராகிவிட்டார். முந்தின நாள் வரை காக்கைக்கும் கரிச்சானுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். புதுச்சேரிக்குப் போய்ப் பழைய கேமரா ஒன்றை வாங்கிவந்து, கழுத்தில் மாட்டிக்கொண்டு மனைவி முன் நின்றார்.

“கழுவெளி ஏரிக்குப் பூநாரை வந்திருக்குது சுலோ. எங்கிருந்தோ பறந்து வருது. உள்ளூர்ல இருந்துகிட்டு நாம ஒரு போட்டோகூட எடுக்கலன்னா அதுங்க மனசு என்னா பாடுபடும்?”

சுலோசனா மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். “அதுங்க சொல்லி அனுப்பிச்சிதா?”

“கரையில நின்னுதான் எடுக்கறது. தண்ணியில எறங்கற வேலையே இல்ல.”

“நான் தண்ணியப் பத்திக் கேக்கவே இல்லியே.”

பலராமன் கேமராவைத் துடைக்கத் தொடங்கினார். இன்னும் பேசினால் வழுக்கும்.

விஷயம் இதுதான். ஞாயிறு என்றால் பலராமனுக்குத் தூண்டில். மற்ற ஆறு நாளும் உப்பு வெயிலில் கத்துகிறவருக்கு அந்த ஒரு காலைதான் வாய்க்கு ஓய்வு. கடல் அலை ஊருக்குள் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான். அன்று ஒற்றைச் செருப்போடு, தலையெல்லாம் மணலாக வீடு வந்து சேர்ந்தவரின் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள் சுலோசனா. இனிமேல் கடலில் கால் வைப்பதில்லை.

ஒரு வருஷம் அவரும் வைக்கவில்லை. தூண்டில் பரணேறியது. ஞாயிறுதோறும் சாமி படத்தைப் பார்ப்பதுபோல அந்தப் பரணைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

பிறகு அவருக்குள் ஒரு வக்கீல் விழித்துக்கொண்டார். சத்தியம் கடலுக்குத்தானே? கழுவெளி கடலா என்ன? கடல் தண்ணீர் அதற்குள் வந்து போனால் அது கடலின் குற்றம்.

பரணில் இருப்பதைத் தொட்டால் தெரிந்துவிடும் என்று புதுத் தூண்டில் ஒன்று வாங்கி, தன்னிடம் வேலை பார்க்கும் ராஜாங்கத்தின் வீட்டுக் கூரையில் செருகிவைத்தார். ராஜாங்கத்துக்குக் கேமராவும் பழக்கினார்.

“பறவையப் பார்த்து அமுக்கு. வாரத்துக்கு ஆறு. மேல அமுக்கினா பிலிமு தீந்துடும்.”

“சரி மேஸ்திரி. மீனு?”

“நீயே எடுத்துக்கோ. எனக்குப் புடிச்சாப் போதும், திங்கணும்னு இல்ல.”

ஆனால் தின்னவும் கிடைத்தது. ஒவ்வொரு ஞாயிறு மதியமும் ராஜாங்கத்தின் மனைவி பாப்பாத்தி தூக்கில் மடவை மீன் குழம்போடு வருவாள். பலராமன் ஒன்றும் தெரியாதவர்போலச் சப்புக்கொட்டுவார்.

“ராஜாங்கம் கைராசிக்காரன். எங்கதான் புடிக்கறானோ.”

“யாரு கண்டா?” என்று சுலோசனா இன்னொரு துண்டை எடுத்து அவர் தட்டில் வைப்பாள்.

ஆறு வாரத்தில் முப்பத்தாறு படமும் முடிந்தது. ஃபிலிமைப் பஸ் ஸ்டாண்டு ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் உப்பளத்திலிருந்து அவர் திரும்பியபோது, படங்கள் அவருக்கு முன்பே வீடு வந்திருந்தன.

முப்பது படங்கள் ஓரமாகக் கவரில் கிடந்தன. மேலாக இருந்த ஒன்றில் பூநாரைகள் கொட்டிப்போன அரிசி மாதிரி தெரிந்தன. மீதி ஆறைச் சுலோசனா பாயில் வரிசையாகப் பரப்பியிருந்தாள். ஆறிலும் பலராமன். கையில் தூண்டில்.

“மொத வாரம் கணுக்கால்,” என்று விரல்வைத்துச் சொன்னாள். “ரெண்டாவது கெண்டக்கால். மூணாவது முட்டி. நாலும் அஞ்சும் தொட. போன வாரம் இடுப்பு. நாளைக்கு வெறும் தலப்பாதான் மெதக்குமா?”

“ராஜாங்கம் தப்பா அமுக்கிட்டான் சுலோ.”

“அவன் சரியாத்தான் அமுக்கினான். நீங்க கூரையில தூண்டில் செருகின அன்னிக்கே பாப்பாத்தி வந்து சொல்லிட்டா. வாரம் அஞ்சு பூநாரை எடு, ஒண்ணு எங்க வீட்டு நாரைய எடுன்னு நான்தான் சொல்லி அனுப்பிச்சேன். எவ்ளோ ஆழத்துல நிக்கறீங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா?”

“அப்போ அந்தக் கொழம்பு?”

“நீங்க புடிச்ச மீனுதான். அந்த வீட்ல அம்மி சரியில்ல. மொளகா அரைச்சுக் குடுத்தது நானு.”

பலராமன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். “அப்பவே கேட்டிருக்கலாமே.”

அவள் இடுப்பளவுத் தண்ணீர்ப் படத்தைக் கவிழ்த்துவைத்தாள். “ஒரு வருஷம் பரணப் பார்த்துகிட்டு ஒக்காந்திருந்தீங்களே, அதப் பார்க்க முடியல. போயிட்டு வாங்கன்னு சொல்லவும் வாய் வரல.”

“இனிமே போகல சுலோ.”

“போவீங்க. காலக் குடுங்க.”

அருகில் கிண்ணத்தில் அரைத்த மருதாணி இருந்தது. அவர் காலை இழுத்து மடியில் வைத்து, முட்டிக்கு ஒரு சாண் கீழே, சுற்றிவர விரல் தடிமனுக்குக் கோடு போட்டாள். பிறகு அடுத்த கால். திங்கட்கிழமை உப்பளத்தில் வேட்டியை மடித்துக் கட்டாமல் எப்படி நடப்பது என்று அவருக்குக் கவலையாக இருந்தது. ஆனால் அவர் பாதத்தை அவள் விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர் காலை அசைக்கவில்லை.

“இதுக்கு மேல தண்ணி ஏறக் கூடாது,” என்றாள்.

மறுநாள் காலை கழுவெளியில் பூநாரைகள் என்றுமில்லாத கூட்டமாக, வெகு கிட்டத்தில் வந்து நின்றன. பலராமனுக்கே ஆசை வந்துவிட்டது.

“டேய் ராஜாங்கம், அங்க பாரு. அமுக்குடா.”

“அதெல்லாம் இல்ல மேஸ்திரி,” என்றான் ராஜாங்கம் வரப்பிலிருந்து. “கோடு தெரியற மாதிரி ரெண்டடி பின்னால வந்து நில்லுங்க. இந்த ரோலு முப்பத்தாறும் உங்க காலுதான்னு அண்ணி சொல்லிட்டாங்க.”