கண்ணாடி அறைக்குள் சூரியன்

மலையூரான எங்கள் கேத்திக்கு வரவே யோசிக்கும் சூரியனை எங்கள் வீட்டுக்குள் பிடித்து வைப்பது என்று முடிவு செய்தேன்.

காரணம், குன்னூர் டாக்டர். என் மனைவி வாசுகிக்கு ஆறாம் மாதம். "கர்ப்பத்துல சர்க்கரை ஏறியிருக்கும்மா. விட்டமின் டியும் கம்மி. மாத்திரை போடுங்க, சாப்பாட்டைப் பார்த்துச் சாப்பிடுங்க, வெயில்ல நடங்க. அடுத்த டெஸ்ட்லயும் சர்க்கரை இறங்கலைன்னா இன்சுலின் ஊசிதான்" என்றார்.

ஊசி என்றதும் மயங்கி விழுந்தவன் நான். தண்ணீர் தெளித்தவள் வாசுகி.

அன்றே சட்டம் போட்டேன். கேத்திக் காற்று பொல்லாதது. எங்கள் முன்னறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. அங்கே நாற்காலி. அதில் வாசுகி. அவள் மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டர் மேல் சால்வை, தலையில் குல்லா. வெயிலுக்குத் தெரிந்தது மூக்கு மட்டும்.

"ஏனுங்க, மூக்குக்கு மட்டும் விட்டமின் போதுங்களா?"

"மூக்கு வழியா உள்ள போயிரும். பேசாம உக்காரு."

"நடக்கச் சொன்னாங்களே?"

"வெளிய வழுக்கும். உக்காந்தே காலை ஆட்டு."

ஆச்சரியம், அவள் எதிர்க்கவில்லை. ஆனால் பனி விலகி வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஓர் ஆசை வந்தது.

"ஏனுங்க, பெருநெல்லிக்காய் வேணுமாட்ட இருக்குதுங்க."

மறுநாள் அவித்த கடலை. அதற்கு மறுநாள் முருங்கைக்கீரை, அதுவும் பஜார் கோடிக் கடையில்தான் வாங்க வேண்டுமாம். எதிலும் சர்க்கரை பயமில்லை. மேடு ஏறி இறங்கி மூச்சு வாங்கினேன். இப்படி ஒரு கணவனா என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

டெஸ்ட் வந்தது.

"சர்க்கரை கட்டுக்குள்ள வந்திருச்சு. ஊசி வேண்டாம். விட்டமின் டியும் ஏறுது" என்றார் டாக்டர்.

"எல்லாம் என் கண்ணாடி ரூம்தாங்க, டாக்டர்!"

"கண்ணாடிக்குள்ள வர்ற வெயில்ல சூடுதான் வருமுங்க. விட்டமின் டி வராது."

வாசுகியைப் பார்த்தேன்.

"இதை ஆஸ்பத்திரி நர்சக்கா எங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாங்க. நீங்க கடைக்குக் கிளம்புனதும் ஸ்வெட்டரைக் கழட்டிப் போட்டுட்டு, பக்கத்து ஊட்டு தெய்வம்மாக்காகூட ரோட்டுல நடப்பேனுங்க."

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா, குடை பிடிச்சுட்டுக் கூடவே வருவீங்க."

வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். உள்ளே உதைக்கிறதாம். பிள்ளையும் அவள் கட்சிதான்.

வீட்டுக்கு வந்ததும் கறாராகச் சொன்னேன்: "இனிமே நான் கடைக்குப் போக மாட்டேன்."

"வேண்டாமுங்க. வெயில் நேரத்துல நான் நடக்கறேன், நீங்க உள்ள சோறாக்குங்க."

இப்போது ஒன்பதாம் மாதம். அவளுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. போன வாரம் எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். விட்டமின் டி குறைவாம்.