ஒரு தட்டுக் குடித்தனம்

சொந்தக் குடித்தனத்தில் திருட்டுத்தனமாகக் குடியிருந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எண்பதுகளில் பம்பாய் செம்பூரில், எங்கள் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில், எங்கள் எதிர்வீட்டில் அவர் இருந்தார். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் அதை உபயோகித்ததில்லை. எல்லோருக்கும் அவர் ‘பேயிங் கெஸ்ட்’.

வீடு ஒரு நர்ஸினுடையது. நாங்கள் சிஸ்டர் என்போம். நாகர்கோவில் பக்கம். கல்யாணமான மறுவருஷமே புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்டான். இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. ஆள் அகப்பட்டால்தானே விவாகரத்து வாங்க முடியும்? ஆகவே சிஸ்டரும், ஃபோர்ட் பக்கம் ஓர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த இந்தப் பாலக்காட்டு மனிதரும் கல்யாணம் செய்துகொள்ள வழியில்லை. சேர்ந்து வாழ்ந்தார்கள். ஊருக்கு மட்டும் அவர் ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவர்.

அந்த வேஷத்தை அவர் கட்டிக்காத்த சிரத்தை இருக்கிறதே, அதில் பாதியை ஆபீசில் காட்டியிருந்தால் மேனேஜராகியிருப்பார். கதவில் இரண்டு பெயர்ப்பலகை, இரண்டு பூட்டு. காலையில் சிஸ்டர் படியிறங்கி, தெருமுனை திரும்பிய பிறகுதான் இவர் செருப்பு மாட்டுவார். ஒரே ரயில்தான். அவர் லேடீஸ் கம்பார்ட்மென்ட், இவர் வண்டியின் மறுகோடி. சாயங்காலம் தனித்தனியாகத் திரும்புவார்கள். சிஸ்டர் பையில் முருங்கைக்காய் எட்டிப் பார்க்கும். கொஞ்சம் பொறுத்து வருகிற இவர் பையில் துவரம்பருப்பும் கொத்தமல்லியும் இருக்கும். “இன்னிக்கு முருங்கைக்காய் சாம்பார்” என்று என் மாமியார் ஜன்னலிலிருந்து அறிவித்துவிடுவாள்.

வராந்தாக் கொடியில் இவர் சட்டைகள் ஒரு கோடி, அந்தம்மாள் புடவைகள் மறுகோடி. நடுவில் மறைப்பாக ஒரு போர்வையைத் தொங்கவிடுவார். இரட்டைக் கட்டில் போர்வை! வேறு எதையாவது தொங்கவிட்டிருக்கலாம் என்று அவருக்குக் கடைசி வரை தோன்றவில்லை.

ஒரு ஜூலை மாதம் தொப்பலாக நனைந்து வந்தவர் தும்மித் தள்ளினார். உள்ளேயிருந்து சிஸ்டரின் குரல் கட்டிடம் முழுக்கக் கேட்டது. “வந்ததும் தலையைத் தொடைங்கன்னு எத்தன தடவ சொல்றது? அப்புறம் ராத்திரியெல்லாம் இருமி என் உயிர வாங்க வேண்டியது!” சட்டென்று அமைதி. பிறகு மிகுந்த மரியாதையுடன், “…சார்.”

கட்டிடத்தார் எலிபெண்டாவுக்குப் போனபோது எடுத்த குரூப் போட்டோவில் அவர் இடது ஓரம், சிஸ்டர் வலது ஓரம். நடுவில் எங்கள் கட்டிடமே நின்றது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படி ஓடியது. பிறகு சிஸ்டருக்கு ஆஸ்திரேலியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவர் போனபின் இவர் பாதியாக இளைத்தார். சாம்பார் வாசனை நின்றது. இரண்டு பூட்டையும் மட்டும் தவறாமல் பூட்டிக்கொண்டு ஆபீஸ் போய்வந்தார்.

ஒரு நாள் பகலில், டிப்டாப்பாக ஒரு மராட்டிக்காரர் எங்கள் கதவைத் தட்டினார். கைக்குழந்தைக்காக நான் லீவில் இருந்தேன். எதிர்வீட்டு மனிதருக்கும் அந்த நர்ஸுக்கும் என்ன உறவு என்று இந்தியில் கேட்டார். யார், எதற்கு என்று அவர் சொல்லவில்லை. என் மாமியார் நிமிர்ந்தாள். அவளுடைய இந்தி லட்சணம் பம்பாய்க்கே தெரியும். அன்று அது ஆறாகப் பெருகியது. “உறவா? ஒரு உறவும் கிடையாது! அவர் வாடகைக்கு இருக்கார், அவ்வளவுதான். தங்கமான மனுஷர்.” பக்கத்தில் நின்று நான் பலமாகத் தலையாட்டினேன்.

தரைத்தளத்தில் இருந்த பாய்க்குத் தாராவியில் தோல்பை பட்டறை. திருநெல்வேலிச் சீமைக்காரர், பொய் பேசாதவர். அவரும் ஒரு போடு போட்டார். “அந்தம்மா மூஞ்சியை இவர் நிமிந்து பாத்துகூட நான் கண்டதில்ல சாப்.” வந்தவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார்.

சாயங்காலம் பேயிங் கெஸ்ட் வரும்வரை எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மானத்தைக் காப்பாற்றியிருக்கிறோமே! மாமியார் படியிலேயே மறித்துச் சொன்னாள். “யாரோ வேவு பாக்க வந்தான். ஒருத்தரும் விட்டுக் கொடுக்கலை. கவலையேபடாதீங்கோ.”

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “கெடுத்தேளே மாமி!”

பிறகுதான் விஷயம் வந்தது. சிஸ்டர் அவரைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள மனுப் போட்டிருக்கிறார். அதை விசாரிக்க ஆஸ்திரேலியத் தூதரகம் அனுப்பிய ஆள்தான் அந்த மராட்டிக்காரர். அந்த நாட்டில் தாலி கேட்கவில்லையாம். கல்யாணமாகாமலே புருஷன் பெண்டாட்டியாக வாழ்ந்திருந்தால் போதும். வாழ்ந்ததற்கு ருசு வேண்டும். சேர்ந்து எடுத்த போட்டோ, ஒரே ரேஷன் கார்டு, அக்கம்பக்கத்தார் சாட்சி. பாவம், அவரிடம் இருந்ததெல்லாம் சேர்ந்து வாழவில்லை என்பதற்கான ருசு. இப்போது அக்கம்பக்கமும் சேர்ந்து குழியில் மண்ணைத் தள்ளிவிட்டது.

“முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?” என்றாள் மாமியார்.

“எப்படி மாமி சொல்லுவேன்? என்னன்னு சொல்லுவேன்?” எழுந்து வராந்தாவின் நடுவில், அந்தப் போர்வை தொங்கிய இடத்தில் போய் நின்றார். கட்டிடத்துக்கே கேட்கிறமாதிரி சொன்னார். “நானும் சிஸ்டரும் இத்தனை வருஷமா குடித்தனம் பண்ணிண்டிருந்தோம். நான் பேயிங் கெஸ்ட் இல்லை!”

கீழேயிருந்து பாய் அண்ணாந்து பார்த்தார். “அட, இது தெரியாதாக்கும்! மொதல் வாரமே தெரியும்.”

“தெரியுமா?” மனிதர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். “எல்லாருக்குமா?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எத்தனை வருஷம்! எவ்வளவு பருப்பைத் தனிப்பையில் சுமந்தார் இந்த மனிதர்!

கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு விசாரணை வாங்கினார். அது போனால் வேறு வாய்ப்பில்லை. மாமியாரும் பாயும் நானும் ஒரே டாக்ஸியில் அவரோடு தூதரக ஆபீசுக்குப் போனோம். மாமியார் மடியில் காகிதத்தில் சுற்றிய ஒரு எவர்சில்வர் தட்டு.

அதே மராட்டிக்காரர். “அன்றைக்கு உறவே இல்லை என்றீர்களே?”

“அன்னிக்கு நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதே. தெரியாதவாகிட்ட ஆத்து விஷயத்தைச் சொல்லுவாளா?” என்று தமிழிலேயே கேட்டாள் மாமியார். நான் இந்தியில் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. “ருசு?”

மாமியார் தட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். “தீபாவளிக்கு எங்க கட்டிடத்துல ஒரு குடித்தனத்துக்கு ஒரு தட்டு பட்சணம். மூணாம் மாடியில நெஜமாவே ஒரு பேயிங் கெஸ்ட் பையன் இருக்கான். அவனுக்குத் தனித் தட்டு. இவா ரெண்டு பேருக்கும் என்னிக்குமே ஒரு தட்டுதான். இவர் ஒரு வருஷமாவது தன் தட்டு எங்கேன்னு கேட்டிருப்பாரா, கேளுங்கோ! திரும்பி வரும்போது தட்டுல சர்க்கரை போடறது சிஸ்டர். கொண்டுவந்து குடுக்கறது இவர்.”

“நோம்புக் கஞ்சியும் ஒரே தூக்குலதான் போச்சு” என்றார் பாய்.

பேயிங் கெஸ்ட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷமும் அந்த ஒரே தட்டு தன் வாசலுக்கு வந்துபோனதன் அர்த்தம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மராட்டிக்காரர் எழுதுவதை நிறுத்தினார். தீபாவளிப் பலகாரம் வீட்டுக்கு வீடு போவது அவர்கள் பக்கத்திலும் உண்டு. “எங்கள் வீட்டிலும் இதே கணக்குத்தான், மாஜி” என்று சொல்லி முதல்முறையாகச் சிரித்தார்.

சில மாதங்களில் விசா வந்தது. புறப்பட்ட அன்று இரண்டு பூட்டையும் என் மாமியார் கையில் கொடுத்துவிட்டு, எல்லார் காலிலும் விழுந்தார், என் காலில்கூட விழப் பார்த்தார்.

அடுத்த தீபாவளிக்கு ஒரு போட்டோ வந்தது. பச்சைப் புல்தரையில் சிஸ்டரும் அவரும். தடுக்க யாருமில்லாத தேசம், கையில் அதிகாரபூர்வமான விசா. ஆனாலும் அவர் இடது ஓரம், அவர் மனைவி வலது ஓரம்!

“பழக்கம் போகலை பாரேன் இந்த மனுஷருக்கு” என்று நான் சிரித்தேன்.

மாமியார் போட்டோவைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். நடுவில் இருந்த புல்தரையை விரலால் தடவினாள்.

“போடி அசடே, நாம நிக்க இடம் விட்டிருக்கா” என்றாள்.