பதினாறாம் கேள்வியில் மாமா

எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லித்தருகிறவர்கள் பெருகிய வேகத்துக்கு, நம் நாட்டில் படிக்கிறவர்கள் பெருகவில்லை. பத்தாம் வகுப்பில் நான் புத்தகத்தைத் திறந்திருந்த நேரத்தைவிட, அதை எப்படித் திறப்பது என்று யூடியூபில் பார்த்த நேரம்தான் அதிகம். (மூளைக்கு நல்லது என்று ஒருவர் சொன்னதால் வெண்டைக்காயைப் பச்சையாகத் தின்றேன். கணக்கு வரவில்லை. வயிற்றுவலி வந்தது.)

கடைசியாகக் கோட்டுப் போட்ட ஓர் அண்ணன் கிடைத்தார். "பாடத்தை உங்களுக்குத் தெரிஞ்ச ஆளோட சேர்த்துப் பாருங்க. மறக்கவே மறக்காது" என்றார்.

நான் அப்போது அட்டைப்பூச்சி பாடத்தில் சிக்கியிருந்தேன். யாரோடு சேர்ப்பது என்று யோசிக்கும்போதே மாமா உள்ளே வந்தார். அம்மாவின் தம்பி. மரக்காணம் உப்பளத்தில் வேலை. வீடு அடுத்த தெருவில். மதியச் சாப்பாடு மட்டும் எங்கள் வீட்டில். "சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே தட்டை எடுப்பார். அன்று அவர் குழம்பை உறிஞ்சிய சத்தத்திலேயே பாடம் மொத்தமும் மனப்பாடமாகிவிட்டது.

திருப்புதல் தேர்வில் அட்டைப்பூச்சியே வந்தது. பேனா பறந்தது.

பெற்றோர் கூட்டத்தன்று அப்பா லாரியோடு வெளியூர் போயிருந்தார், அம்மாவுக்குக் காய்ச்சல். "நான் போறேன்க்கா. எனக்கும் பொறுப்பு இருக்குதில்ல" என்று மாமா இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார்.

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் அறிவியல் ஆசிரியர்.

"மாமாங்க சார்."

சார் என் விடைத்தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பதினாறாவது கேள்வியில வர்ற மாமாங்களா?"

மாமா அதை வாங்கிப் பெருமையோடு உரக்கப் படித்தார். "மாமா வலி தெரியாமல் ஒட்டிக்கொள்வார். வயிறு நிரம்பியதும் தானாகக் கழன்று விழுவார். ஒருமுறை உண்டால் பல மாதங்களுக்கு உணவு தேவைப்படாது." குரல் மெல்ல இறங்கியது. பிறகு நிமிர்ந்து, "கடைசி வரி தப்புங்க சார். நான் ஒருவேளைகூடப் பட்டினி கெடக்க மாட்டேன்" என்றார்.

"அட்டைன்னு எழுத வேண்டிய எடத்துல உங்களைப் போட்டிருக்குது. மத்தபடி கரெக்ட்டுங்க" என்றார் சார்.

பைக்கில் திரும்பும்போது மாமா என்னைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மதியம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

"அவன் தட்டு கவுந்து கெடக்குது. அதைப் பார்த்துக்கினே சாப்பிடு" என்றாள் அம்மா.

என் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். கேரியரோடு உப்பளத்துக்குப் போனேன். மாமா உப்புப் பாத்தியின் தரையை இறுக்கக் களிமண் மிதித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, சாப்பாடு."

அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை. "அதான் பல மாசத்துக்குத் தேவப்படாதே."

நான் அழுதுவிட்டேன். மாமா மிதிப்பதை நிறுத்தினார். பிறகு கரையேறிக் கை கழுவினார்.

"இன்னா கொழம்பு?"

"வஞ்சிரம்."

"இதை மொதல்லயே சொல்றதில்ல?" என்று உட்கார்ந்துவிட்டார்.

இப்போது என் தங்கை பத்தாவது படிக்கிறாள். மாமா வந்ததும், "இன்னைக்கு இன்னா பாடம் படிக்கிற?" என்று விசாரிக்கிறார். கணக்கு என்றால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார். உயிரியல் என்றால், சோற்றைப் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறார்.