மோக் வீட்டுச் சிலிண்டர்

"நீங்க மோக் அம்மாவுக்கு யாரு?" என்று கேட்டார் கேஸ் கடைக்காரர்.

"யாரும் இல்ல. அந்த வீட்டுக்குப் புதுசா வாடகைக்கு வந்திருக்கேன்" என்றான் லியாவ்.

"அப்ப சிலிண்டர் இல்ல."

எதிர்முனையில் ஃபோன் வைக்கப்பட்டது.

லியாவ் தாய்வானின் தைனானிலிருந்து சீனக் கரையோர மக்காவ் நகருக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நாற்பதைக் கடந்தவன். ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர் வேலை. அவனே தேடிப் பிடித்த வீடு, மோக் அம்மா காலி செய்துவிட்டுப் போனது, ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. மின்சாரம் ஒரே நாளில் வந்தது. தண்ணீரும் அப்படியே. அவை அலுவலகங்கள். அலுவலகங்கள் காகிதம் கேட்டன, அவனிடம் காகிதம் இருந்தது. கேஸ் கடை ஆளைக் கேட்டது.

வேறு கடைகளிலும் கேட்டுப் பார்த்தான். எல்லாரும் முதலில் தெருவின் பெயரைக் கேட்டார்கள். சொன்னதும், அது குவோக்கின் தெரு, குவோக்கிடமே கேளுங்கள் என்றார்கள். ஃபோனை வைத்தவர்தான் குவோக்.

மறுநாள் நேரில் போனான். சிலிண்டர்களுக்கு நடுவே குட்டை ஸ்டூலில் அமர்ந்து குவோக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வேலைக்கு வருகிறவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுகிறார்கள், அவர்களோடு சிலிண்டரும் போய்விடுகிறது என்று பொறுமையாக விளக்கினார்.

"உங்களச் சொல்லல. வெளியூர்க்காரங்களச் சொல்றேன்."

"நானும் வெளியூர்தான்."

"அப்ப உங்களத்தான் சொல்றேன்."

லியாவுக்குத் தன் குளியல் ஒரு பிரச்சினையே இல்லை. நாள் முழுவதும் ஆவிக்கு நடுவில் நிற்கிறவன். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்துவிட்டு வந்தான். பிரச்சினை அவன் மனைவி பெய்ஜுன்.

சில வருடங்களுக்கு முன்பு தாய்வானின் ஷின்ச்சு ஊரில் அவன் ஒரு வீடு பார்த்திருந்தான். நாளைக்கு கேஸ் வந்துவிடும் என்று சொல்லி, ஒரு குளிர்காலம் முழுவதும் அவளைக் கெட்டிலில் தண்ணீர் சுடவைத்துக் குளிக்க வைத்தான். அவள் சண்டை போடவில்லை. வசந்தம் வந்ததும் அம்மா வீட்டுக்குப் போனாள். அவளைத் திரும்ப அழைத்து வருவதற்குள் அடுத்த குளிர்காலம் வந்துவிட்டது.

"சனிக்கிழமை வரேன்" என்று இப்போது சொல்லியிருந்தாள். "குழாயத் திறப்பேன். சுடுதண்ணி வந்தா இருப்பேன். இல்லன்னா சாயங்கால விமானம்."

"மிரட்டுறியா?"

"இல்ல. டிக்கெட் போட்டுட்டேன்."

அவன் மின்சார ஹீட்டர் ஒன்று வாங்கி வந்து, தானே மாட்டி, பொத்தானை அழுத்தினான். வீடு இருண்டது. பிறகு படிக்கட்டு இருண்டது. பிறகு கட்டடத்தில் எல்லாக் கதவுகளும் திறந்தன. தரைத்தளத்தில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் வான் அக்கா கையில் கரண்டியோடு மூன்று மாடி ஏறி வந்தாள். அவள் குளிர்பெட்டியில் ஒரு வாரத்துக்கான மீன் உருண்டைகள் இருந்தன.

"யாருடா அது?"

"மூணாம் மாடி. வெளியூரு" என்றது இருட்டில் ஒரு குரல்.

மின்சாரம் திரும்பியது. ஆனால் ஹீட்டரைக் கழற்றும்வரை யாரும் கீழே இறங்கவில்லை. இனி கெட்டில் வைப்பதானால்கூடப் படிக்கட்டில் இறங்கி வந்து சொல்லிவிட்டு வைக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று.

வியாழக்கிழமை காலையில் லியாவ் மறுபடி குவோக்கை அழைத்தான்.

"அன்னைக்குக் கடைக்கு வந்தேனே, மூணாம் மாடி. நான் மோக் அம்மாவோட பையன்."

எதிர்முனையில் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"வெட்கமா இருந்துச்சு."

"இருக்கணும்ல" என்றார் குவோக்.

அவன் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுச் சற்று நேரத்திலேயே கதவு தட்டப்பட்டது. குவோக்கே சிலிண்டரைத் தோளில் தூக்கி வந்திருந்தார். குழாயை மாட்டினார். சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தார். குளியலறையிலிருந்த பழைய கேஸ் ஹீட்டர் புஸ்ஸென்று பற்றியது. பிறகு கையைக் கழுவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து திட்ட ஆரம்பித்தார்.

திட்டுக்கு நடுவே லியாவ் தன் குடும்ப வரலாற்றைத் தெரிந்துகொண்டான். அப்பா மோக் கப்பலில் வேலை பார்த்தவர். இதே வீட்டில் தனியாக இருந்தார். கேஸ் கடை அப்போது குவோக்கின் அப்பாவுடையது. ஒரு தடவை கப்பலேறியவர் திரும்பவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு பெண் ஒற்றைப் பெட்டியோடு வந்து இந்த வீட்டுக் கதவைத் திறந்தாள்.

"நாப்பது வருஷம்" என்றார் குவோக். "அந்த மனுஷன் வருவாருன்னு இதே வீட்டுல காத்திருந்துச்சு. புருஷன் போட்டோ ஒண்ணுகூட வைக்கல. பாத்தா தாங்காது. அவரப் பத்திப் பேச்செடுத்தா எழுந்து உள்ள போயிடும். போன வருஷம் முட்டி விட்டுருச்சு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜூஹாய்ல முதியோர் இல்லத்துல இருக்கு. இத்தன வருஷத்துல பையன் இருக்கான்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவ்வளவு மனசொடஞ்சிருக்கு."

லியாவ் தரையைப் பார்த்தான்.

"உன் பேச்சு தாய்வான் பேச்சு. அங்க சொந்தக்காரங்ககிட்ட உன்ன விட்டுட்டு வந்துச்சா?"

"ஆமா."

"நினைச்சேன்" என்றார் குவோக்.

அன்று மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. கட்டடத்தை இருட்டாக்கியதை எல்லாரும் மன்னித்துவிட்டார்கள். அது தெரியாமல் நடந்தது. பெற்றவளைத் தேடி வராதது அப்படி இல்லை. வான் அக்கா அவன் கிண்ணத்தில் நூடுல்ஸைப் போட்டுச் சூப்பை ஊற்றி நகர்த்தினாள்.

"மீன் உருண்டை?" என்று கேட்டான்.

"அது பெத்தவங்களப் பாக்குறவங்களுக்கு."

வெள்ளிக்கிழமை குவோக் ஒரு சிவப்புத் தாளோடு வந்தார். அதில் மோக்கின் முழுப்பெயரைத் தன் கையாலேயே எழுதியிருந்தார். சுவரில் ஒட்டி, கீழே ஒரு பலகை அடித்து, ஊதுபத்திக் கிண்ணத்தையும் வைத்தார். காலையும் மாலையும் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. வாசனை வருகிறதா என்று சிலசமயம் படிக்கட்டில் நின்று மோப்பம் பிடித்துவிட்டுப் போனார். லியாவ் மோக்கின் பெயருக்கு முன்னால் மூன்று முறை குனிந்தான். முகம் தெரியாதவரிடம் வேண்டிக்கொள்வது நினைத்ததைவிட எளிதாக இருந்தது.

சனிக்கிழமை பெய்ஜுன் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து கையை நீட்டினாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு வாசலுக்குத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றினாள்.

திரும்பும் டிக்கெட்டை அவள் ரத்து செய்யவில்லை. தள்ளி வைத்தாள்.

மறுநாள் சந்தையிலிருந்து ஆரஞ்சுப் பழங்களோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னை எதுக்கு எல்லாரும் மோக் வீட்டு மருமகள்னு கூப்புடறாங்க?"

இந்த ஊரில் மரியாதைக்கு அப்படிச் சொல்வார்கள் என்றான். அவள் சுவரிலிருந்த சிவப்புத் தாளைப் பார்த்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பழத்தை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தம்மா வந்துட்டா?"

"குவோக் சிலிண்டர எடுத்துட்டுப் போயிடுவாரு."

"அப்ப நானும் போயிடுவேன்" என்று சொல்லிப் பாதிப் பழத்தை அவனிடம் நீட்டினாள்.

அதன்பிறகு லியாவுக்கு ஒரே கவலைதான். மோக் அம்மா ஜூஹாயிலேயே இருக்க வேண்டும். ஆனால் குவோக் ஒவ்வொரு வாரமும், அம்மாவை எப்போது போய்ப் பார்க்கப்போகிறாய் என்று கேட்டார். முதல் வாரம் ஹோட்டலில் விடுமுறை தரவில்லை என்றான். குவோக்குக்கு அந்த ஹோட்டல் சமையலறையில் ஒரு மைத்துனர் இருந்தார். விடுமுறை கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் எல்லை தாண்ட அனுமதிச்சீட்டு இல்லை என்றான். பயண முகவர் வான் அக்காவின் தம்பி. சீட்டு கிடைத்துவிட்டது. மூன்றாம் வாரம் லியாவ் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான். வான் அக்கா கஞ்சி கொண்டுவந்தாள். அதில் ஒரே ஒரு மீன் உருண்டை கிடந்தது. படுக்கை ஓரத்தில் குவோக் உட்கார்ந்திருந்தார்.

"புரிஞ்சிடுச்சு தம்பி" என்றார். "அங்க போய் நிக்க உனக்கு தைரியம் இல்ல. நீ போக வேணாம். துங்ஜி அன்னைக்கு நானே கூட்டிட்டு வரேன்."

குளிர்காலத் திருநாளான துங்ஜிக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. அன்று எல்லா வீடுகளிலும் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து மாவுருண்டை சாப்பிடும். தெருவே ஏற்பாட்டில் இறங்கியது. இரண்டாம் மாடியிலிருந்து வட்ட மேசை வந்தது. வான் அக்கா வாத்து வாட்டுவதாகச் சொன்னாள். குவோக் வண்டி பேசி முடித்துவிட்டார்.

முந்தின நாள் லியாவ் கடைக்குப் போனான். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். குவோக் ஒரு புதுச் சிலிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"குவோக் அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும். நான் அவங்களுக்கு..."

"வெட்கப்படாத. பக்கத்துல நான் நிப்பேன்ல."

"அது இல்ல அண்ணே."

"இது உனக்குத்தான்" என்றார் குவோக், சிலிண்டரைத் தட்டி. "நாளைக்கு அம்மா குளிக்கும். பாதியில தீந்துடக் கூடாது."

லியாவ் அதைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தான்.

துங்ஜி அன்று பெய்ஜுன் பெட்டியைக் கட்டினாள். பிறகு சமையலறைக்குப் போய் மாவைப் பிசைந்து உருட்டினாள்.

"எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டான்.

"அடுப்பு இருக்கிற வரைக்கும் சமைக்கிறேன்."

மாலையில் படிக்கட்டில் பல கால்களின் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மாடியிலும் அது நின்று மூச்சு வாங்கியது. லியாவ் கதவைத் திறந்தான். பஞ்சு வைத்த நீலச் சட்டையில் ஒரு சின்னக் கிழவி நின்றாள். ஒரு பக்கம் குவோக் தாங்கியிருந்தார், மறுபக்கம் வான் அக்கா. பின்னால் படிக்கட்டு முழுக்க முகங்கள்.

"பாருங்கம்மா" என்றார் குவோக். குரல் உடைந்துவிட்டது. "யாரு வந்திருக்கான்னு பாருங்க."

கிழவி பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கட்டி வைத்த பெட்டியைப் பார்த்தாள். அவன் தோளுக்குப் பின்னால், சமையலறையில் கை முழுக்க மாவோடு நின்ற பெய்ஜுனைப் பார்த்தாள். பெய்ஜுன் வெந்நீர்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். குளியலறையில் ஹீட்டர் புஸ்ஸென்று பற்றியது. கிழவி தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

லியாவ் வாயைத் திறந்தான்.

"இளைச்சுட்டே" என்றாள் கிழவி.

வான் அக்கா அழுதாள். குவோக் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கிழவி உள்ளே வந்து, லியாவைக் குனியச் சொல்லி, அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். இத்தனை வருடம் ஒரு கடிதம் உண்டா என்று கேட்டாள். தெரு திருப்தியடைந்தது.

விருந்தில் அவள் வாத்தின் தொடையை எடுத்துக்கொண்டாள். இஞ்சிச் சாற்றில் மிதந்த உருண்டைகளைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டாள். மருமகளுக்குக் கை நல்ல கை என்றாள். குழந்தையில் இவன் ரொம்ப அழுவான் என்று குவோக்கிடம் சொன்னாள். லியாவ் முதல்முறையாக மீன் உருண்டைகளைக் கேட்காமலே பெற்றான். அவற்றைக் கிண்ணத்துக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு கிழவி குளித்தாள். ஹீட்டர் நெடுநேரம் எரிந்தது. சிவந்த முகத்தோடு வெளியே வந்து, இல்லத்தில் வெந்நீர் வாரம் இரண்டு நாள்தான், இன்று இங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்றாள். அண்டை அயலார் ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். கடைசியாகப் போன குவோக், அம்மாவைப் பார்த்துக்கொள், சிலிண்டரைப் பற்றி இனி கவலைப்படாதே என்றார்.

கதவு சாத்தப்பட்டது. பெய்ஜுன் லியாவைப் பார்த்தாள். அவன் தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக் கிழவியின் முன்னால் மண்டியிட்டான்.

"மன்னிச்சிடுங்கம்மா. நான் உங்க பையன் இல்ல."

"தெரியும்" என்றாள் கிழவி. "எனக்குப் பையனே கிடையாது."

"அப்ப ஏன் நீங்க..."

"கேஸுக்குத்தானே?"

அவன் தலையசைத்தான். கிழவி தேநீரைக் குடித்து முடித்தாள்.

"உங்க வீட்டுக்காரருக்கும் தினமும் பத்தி ஏத்துறேன்" என்றான் லியாவ். "அவர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டேன்."

கிழவி மேசையைப் பிடித்து எழுந்து, சிவப்புத் தாளுக்கு அருகில் போனாள். கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"முழுப்பேரு இதுதானா?" என்றாள். "நான் இங்க குடி வந்தப்ப குவோக்கோட அப்பா கடையில இருந்தாரு. நீ மோக்குக்கு யாருன்னு கேட்டாரு. யாரும் இல்லன்னேன், சிலிண்டர் இல்லன்னுட்டாரு. மறுநாள் போய்ப் பொண்டாட்டின்னு சொன்னேன்."