சுகன்யா மேரியின் வேளாங்கண்ணிப் பயணம்

அன்புள்ள சகாய ஆனந்த் அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உங்கள் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். குருவானவருக்கு எழுதுவதுபோல் ‘சாமி’ என்று தொடங்கினால் ஆஸ்பத்திரிக் கமிட்டி உறுப்பினராகப் படிப்பீர்கள். அதனால் தங்கையாகவே எழுதுகிறேன்.

நம் ஆஸ்பத்திரி ஊழியர் காப்பீட்டில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் கிடையாது, அதற்கு மருத்துவ விடுப்பும் கிடையாது. திருச்சபையின் மனசாட்சி அது, நான் வாதாடவில்லை. நர்சுகளுக்கும் ஒரு மனசாட்சி இருப்பதால், வேளாங்கண்ணிக்குப் போவதாகச் சொல்லி இரண்டு நாள் லீவு வாங்கி, பெரம்பலூர் அரசு மருத்துவமனைக்குப் போய், தையலோடு திரும்பி வந்து நோயாளிகளைத் தூக்குவார்கள். நர்சுகளின் கண்காணிப்பாளராக லீவு கொடுக்கும் நானும் முகம் மாறாமல், “எனக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏத்துங்க” என்பேன். நம் நர்ஸ் சுகன்யா மேரிக்கு இரண்டு பிள்ளைகளும் சிசேரியன், இன்னொரு பிரசவம் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வாரம் அவளும் அப்படித்தான் கிளம்பி, ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு பெரம்பலூர் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். நம் தலைமைச் சகோதரி மதர் செலின் வண்டியை நிறுத்தி, “வேளாங்கண்ணிக்குத்தானே? எனக்கும் ஒரு வேண்டுதல் இருக்கு, ஏறு, சேர்ந்தே போவோம்” என்றுவிட்டார். வழியில் இட்லி வேண்டாம் என்றவளைப் பார்த்து, “உபவாசம் இருக்கா பாருங்க, நாமளும் இருப்போம்” என்று எல்லாப் பொட்டலத்தையும் திரும்பக் கட்ட வைத்தாராம். டிரைவர் பிச்சைமுத்து, “நான் முருகன் கட்சிங்க மதர்” என்று சொல்லிப் பார்த்தும் பட்டினிதான். ஆபரேஷன் தேதி போச்சு. மெழுகுவர்த்தி ஏற்றி என்ன வேண்டிக்கிட்ட என்று கேட்டேன். “அடுத்த தேதி சீக்கிரம் கெடைக்கணும்னுதான் மேடம்.”

கிடைத்துவிட்டது, வரும் செவ்வாய். அதே வேளாங்கண்ணியை மறுபடி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆகவே அண்ணா, ஆபரேஷனைக் காப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் படுத்து எழ லீவாவது வாங்கித் தாருங்கள்.

உங்கள் ஆசீர் எங்களுக்கும், எங்கள் ஜெபம் உங்கள் கால் வலிக்கும்.

தங்கை,
செபஸ்தியம்மாள்

பி.கு.: இப்போதுதான் மதர் வந்துவிட்டுப் போனார். “அவ பெரம்பலூர் பஸ் நிக்கிற பக்கம் நின்னது எனக்குத் திரும்பி வரப்பதான் உறைச்சுது. செவ்வாக்கெழம பிச்சைமுத்து கொண்டுபோய் விடட்டும். வந்ததும் தையல் ஆறுற வரைக்கும் மருந்தறையில உக்கார வை, யாரையும் தூக்க விடாத. உங்க அண்ணன்கிட்ட மட்டும் கொண்டுபோகாதம்மா. கமிட்டிக்கு வந்தா நான் கூடாதுன்னுதான் கை தூக்கணும்.” ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கடிதத்தைக் கிழிக்க வேண்டாம். மதருக்கு மே மாதம் மாறுதல், அடுத்து வருபவர் எப்படியோ.