டாக்டரம்மா எழுதிக்கொடுத்த வெயில்

காவாந்தண்டலம்
14-2-83

அன்புத் தம்பி வரதனுக்கு அக்கா ஆதிலட்சுமி எழுதிக்கொண்டது. இங்கே நானும், மகன் சின்னராசும், மருமகள் கனகாவும், புதுசாய்க் கன்று போட்ட மாடும் சௌக்கியம். பட்டணத்தில் நீயும் பவளமும் பிள்ளைகளும் சௌக்கியமாய் இருக்க மாகறல் ஈஸ்வரனைக் கேட்டுக்கொள்கிறேன். நான் மூன்றாங்கிளாஸ். பிழை இருந்தால் திட்டாமல் படி.

உன் காகிதம் வந்தது. "அக்காவ மருமக வெயில்ல ஒக்கார வெச்சி வேல வாங்குறாளாமே, ஞாயித்துக்கெழம நாலு ஆளோட வந்து கேட்டுட்டு உன்ன இட்டுகினு வந்துடறேன்" என்று எழுதியிருக்கிறாய். வராதே. கனகா மேல் குற்றமில்லை. என்னை வெயிலில் உட்காரவைத்தது காஞ்சிபுரத்து டாக்டரம்மா.

வைகாசியில் உன் மாமா போனபிறகு என்னை அறையில் உட்காரவைத்தார்களே, சடங்கெல்லாம் முடிந்ததும் எழுந்து வரலாம் என்றார்கள். எழுந்து எங்கே போவது என்று நான் வரவில்லை. அவர் படுத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கார்த்திகை வந்தபோது சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. காஞ்சிபுரம் போகப் பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்க வரவில்லை, கண்டக்டர் கையைப் பிடித்து மூட்டை மாதிரி இழுத்துப் போட்டார். டாக்டரம்மா முழங்காலுக்குக் கீழே எலும்பை அழுத்தினார், உயிர் போனது. "எத்தனை மாசமா வெளியே வரல?" என்று கேட்டார். ஆறு மாசம் என்று கனகா சொன்னாள். உடனே டாக்டரம்மா, "அதான் எலும்பு பலமில்லாம போயிடுச்சு. எலும்புக்கு வைட்டமின் டி வேணும்மா, அது வெயில் ஒடம்புல பட்டாத்தான் ஊறும். வயசானா தோலுக்கு அந்தச் சக்தி கொறைஞ்சிடும். மாத்திரை தரேன், முட்டை, மீன் சாப்பிடுங்க, பத்து மணிக்கு மேல கை கால்ல வெயில் பட அரை மணி ஒக்காருங்க. இப்படியே இருந்து எங்கயாவது விழுந்தா இடுப்பு ஒடிஞ்சிடும்" என்றார். நாற்பது வருஷம் கழனியில் வெயிலைத் தின்றவளுக்கு வெயில் பற்றாக்குறை என்றால் நானே நம்பவில்லை தம்பி, ஊர் எப்படி நம்பும்?

மாத்திரைக்கு யாரும் குறுக்கே வரவில்லை. வெயிலுக்குத்தான் ஊரே குறுக்கே வந்தது. நம் வாசலில் வேப்பமர நிழல் போக ஒரு பாய் அகலம்தான் வெயில் விழும். அங்கே பலகை போட்டு உட்கார்ந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம், "இன்னாம்மா, வெயில்ல ஒக்காந்துகினு கீறே, எய்ந்து உள்ள போ" என்று கையைப் பிடித்துத் தூக்குகிறார்கள். அடுத்த வீட்டுக் கோவிந்தம்மாள் ஒரு கிண்ணம் கத்தரி வத்தல் கொண்டுவந்து, "இது மாசம் பூரா வெயில்ல காஞ்சதுக்கா, அந்தச் சத்தெல்லாம் இதுல எறங்கிகீது. இத்த துன்னுட்டு நீ நெழல்ல ஒக்காரு" என்றாள். தின்றேன். வத்தல் நன்றாகத்தான் இருந்தது. இதற்குள் யாரோ சின்னராசைக் கேட்டிருக்கிறார்கள், "அப்பன் போனதும் ஆத்தாள வெளிய தள்ளிட்டியாடா?" என்று. ரோஷம் வந்து மறுநாளே அந்த ஒரு பாய் அகலத்துக்கும் கீற்றுப் பந்தல் போட்டுவிட்டான். போட்டுவிட்டு, "குளுகுளுன்னு கீதாம்மா?" என்று கேட்கிறான். பிள்ளை முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டேன்.

அதனால் பந்தலைத் தாண்டித் தெரு ஓரம் போனேன். சும்மா உட்கார்ந்தால்தானே கேட்கிறார்கள் என்று ஒரு முறம் மிளகாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காக்காய் ஓட்டக் கையில் ஒரு குச்சி. ஒருவர் கேட்கவில்லை தம்பி! வேலை செய்கிறவளை வெயில் சுடாது போல. ஆனால் கோவிந்தம்மாள், "அப்டியே என் வடகத்தையும் பாத்துக்கக்கா" என்றாள், இன்னொருத்தி புளியைப் பரப்பினாள், தெருவே தன் சரக்கைக் கொண்டுவந்து கொட்டியது. நான் நடுவில் காவல். அந்த நேரம் பார்த்து, உத்திரமேரூரில் குடைக்கடை வைத்திருக்கிறாரே உன் மாமாவின் சிநேகிதர் அத்தாவுல்லா பாய், அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். "அல்லா! இன்னாம்மா இது கோலம்?" "டாக்டர்தான் சொன்னாங்க பாய்." "எந்த டாக்டர்மா வெயில்ல காயச் சொல்லுவான்? மருமவளுக்கு பயந்துகினு மறைக்காத." கண்கலங்கி ஒரு புதுக் குடையைக் கொடுத்துவிட்டு, பட்டணத்துக்குச் சரக்கெடுக்க வந்த இடத்தில் உன்னிடமும் சொல்லிவிட்டார். நல்ல மனுஷர், கோபிக்காதே. அந்தக் குடையைக் கனகா கோழிக்குஞ்சுகள் மேல் கவிழ்த்திருக்கிறாள், பருந்து தொல்லை இல்லை.

நீ ஆளோடு வந்து சத்தம் போட்டால் சின்னராசு பயந்து என்னை மறுபடி அறைக்குள் வைத்துவிடுவான். எனக்கு அது வேண்டாம். உன் மாமாவை நம் கொல்லை மேட்டில்தானே அடக்கம் பண்ணினீர்கள். பொம்பளைங்க தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்றதில், அவரை எந்த இடத்தில் வைத்தீர்கள் என்று இன்னும் நான் பார்க்கவில்லை. வைகாசியில் வருஷத் திதி வருகிறது. அன்றைக்கு யார் கையையும் பிடிக்காமல் அந்த மேடு வரைக்கும் நடந்து போகவேண்டும். அதற்குத்தான் இந்த வெயில். இப்போது தெருமுனை வரைக்கும் வந்துவிட்டேன்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நிச்சயமாய் வராதே. பவளத்தையும் பகலில் கொஞ்சம் மொட்டைமாடிக்குப் போகச் சொல். நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாய் இருக்கவேண்டும்.

இப்படிக்கு உன் அக்கா,
ஆதிலட்சுமி

முடித்த பிறகு எழுதுவது: எழுத்து சரியா என்று பார்க்கக் கனகாவிடம் கொடுத்தேன். அவள் புருஷனுக்குப் படித்துக் காட்டினாள். அவன் உடனே போய்ப் பந்தலைப் பிரித்துப் போட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம், கோவிந்தம்மாளுக்கும் படித்துவிட்டாள். இன்று பத்து மணிக்கு வாசலுக்குப் போனால், என் பலகையில் கோவிந்தம்மாள் புடவையை முட்டிக்கு மேல் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளைச் சுற்றித் தெருவில் உள்ள கால்வலிக்காரிகள் அத்தனை பேரும். எழுந்திரு என்றால், "எங்க எலும்பு மட்டும் இன்னா இரும்பா? வெயில உன் பேர்ல பட்டா போட்டுகீதா?" என்கிறாள். எனக்கு மிச்சம் வேப்பமர நிழல்தான். வைகாசிக்கு அதிக நாள் இல்லை தம்பி. ஞாயிற்றுக்கிழமை வா. அந்த நாலு ஆளையும் கூட்டிக்கொண்டு வா. குடை மட்டும் கொண்டுவராதே.